தீயை எடுத்த பிறகு

பாண் வேகும்போது போறணைக்குள் தீ இருப்பதில்லை. காஸ் அடுப்போடும் மின் அடுப்போடும் வளர்ந்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். விறகு எரிந்து தீர வேண்டும். தணலை வாரி வெளியே எடுக்க வேண்டும். சாம்பலைக் கூட்டித் தள்ளி, ஈரச்சாக்கால் தளத்தை ஒற்றித் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பொங்கிய மா உள்ளே போகும். வாயைப் பலகையால் அடைத்துவிட்டால், அதுவரை கல் குடித்து வைத்த சூடு கீழிருந்தும் மேலிருந்தும் மாவின் மேல் இறங்கும். முக்கால் மணி நேரத்தில் பாண் தயார். தீ எரிந்தபோது கல் எவ்வளவு வாங்கி வைத்ததோ, அவ்வளவுதான் சமையல்.

எழுபதைக் கடந்தவன் நான். சிறுவயதில் கண்ணால் பார்த்த இந்தச் சங்கதியை அண்மையில் கையால் தொட்டுப் படிக்கும் வாய்ப்பு வந்தது. அதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. முக்கியமாக, வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இனி நம்மால் என்ன ஆகும் என்று சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகிடக்கும் என் வயதுக்காரருக்காக.

என் அக்காவின் மகன் கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிறான். சுன்னாகத்தில் தாய்வீட்டைத் திருத்தியபோது, கிணற்றடிக்கும் முருங்கைக்கும் நடுவே ஒரு வெளிக்குசினி போட விரும்பினான். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் குசினி எப்போதுமே தனிக் கட்டடம்தான். புகையும் கரியும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நம் முன்னோர் யோசித்துச் செய்த ஏற்பாடு அது. இடையில் வந்த நாகரிகம் அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தது. இப்போது வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் அதை மறுபடி வெளியே எடுத்து வைக்கிறார்கள். எனக்கு அது மகிழ்ச்சிதான். அவனுக்குப் பீட்சா சுடும் விறகடுப்பு ஒன்று வேண்டுமாம். இத்தாலியில் செய்து பெட்டியில் அடைத்து அனுப்பும் அடுப்புகளின் படங்களைத் தொலைபேசியில் அனுப்பினான்.

"மாமா, இதுகளில எது நல்லம்?"

"ஒண்டும் வாங்க வேண்டாம் தம்பி. வாரும், கட்டுவம்" என்றேன்.

நான் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவன். மதகும் பாலமும் பள்ளிக்கூடக் கட்டடமும் என் மேற்பார்வையில் எழும்பியிருக்கின்றன. ஆனால் போறணை பற்றிய என் படிப்பு அதற்கு முந்தியது. நான் பிறந்த வீட்டுக்கு அடுத்த வளவில் ஒரு வெதுப்பகம் இருந்தது. விடியற்காலையில் எங்கள் வேலிக்கு மேலால் முதலில் புகை வரும். பிறகு புகை நின்று, பாண் வாசனை வரும். புகை நிற்பதற்கும் வாசனை வருவதற்கும் இடையில் ஒரு வெறும் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில்தான் தணலை வாருகிறார்கள் என்பது வேலிக்குள்ளால் எட்டிப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

இடம் பார்ப்பதிலிருந்து தொடங்கினோம். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் ஒரு பாதியில் தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். மற்றப் பாதியில் வடகிழக்கிலிருந்து வாடை மழையோடு வரும். போறணையின் வாய் இந்த இரண்டில் எதையும் நேரே பார்க்கக்கூடாது. பார்த்தால் புகை முழுவதும் சமைப்பவர் முகத்தில் அடிக்கும், இல்லாவிட்டால் சாரல் உள்ளே போகும். வாயைத் தென்கிழக்குப் பார்க்க வைத்தோம். இரண்டு காற்றும் பக்கவாட்டில் போய்விடும். மேலே ஓட்டுக்கூரை. கிடுகு அழகுதான், ஆனால் தீப்பொறிக்குப் பக்கத்தில் கிடுகை வைப்பது அறிவான காரியமில்லை.

அடுத்தது கல். வலிகாமத்தில் எங்கே வெட்டினாலும் சில அடியில் சுண்ணாம்புக்கல் தட்டும். அத்திவாரம், மதில், கிணற்றுக்கட்டு எல்லாவற்றுக்கும் அந்தக் கல்தான் எங்களுக்குக் கை கொடுத்தது. மருமகனும் வளவில் கிடந்த பழைய கல்லைக் காட்டி, இதிலேயே கட்டலாமே என்றான். கூடாது. காரணத்தை எங்கள் ஊர்ச் சுண்ணாம்புச் சூளையே சொல்லும். அங்கே இதே கல்லைத்தான் விறகோடு அடுக்கி எரிக்கிறார்கள். 800 பாகை செல்சியசுக்கு மேல் சூடு ஏறினால் கல்லுக்குள் இருக்கும் கரியமிலவாயு கழன்று போய், சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் பட்டால் கொதித்துப் பொரிந்து மாவாகிவிடும். போறணையில் தணல் குவிந்து கிடக்கும் இடம் அந்தச் சூட்டைத் தொடக்கூடும். ஆகவே கால்களுக்கும் கட்டுக்கும் ஊர்க்கல். தீ தொடும் இடமெல்லாம் பயர் பிறிக் என்று கடைகளில் விற்கும் தீக்கல். மூன்றடி விட்டமுள்ள குவிகூரைக்கும் அதன் தளத்துக்கும் உடைவு சேர்த்து 120, 130 கல் போதும். சாதாரண நல்ல செங்கல்லிலும் கட்டலாம். எங்கள் பக்கத்து வெதுப்பகம் செங்கல்லில் கட்டியதுதான். ஒரு தலைமுறைக்கு மேல் ஊருக்குப் பாண் போட்டது.

தளத்துக்குக் கீழே போடும் படையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவசரக்காரர் விட்டுவிடுவது இதைத்தான். கல் சூட்டை வாங்கும். வாங்கியதை வைத்திருக்கத் தெரியாது. கீழே சீமெந்துத் தட்டு இருந்தால் அதற்குக் கொடுத்துவிடும், மேலே காற்று இருந்தால் காற்றுக்குக் கொடுத்துவிடும். அப்படிக் கட்டிய போறணையில் தீ எரியும் வரைக்கும் சமைக்கலாம். தீயை எடுத்தால் அரை மணி நேரத்தில் தளம் ஆறிப்போகும், பாணின் அடி வெளிறிக் கிடக்கும். அதனால் சீமெந்துத் தட்டுக்கும் தீக்கல் தளத்துக்கும் நடுவே, சூடு கடக்க முடியாத ஒரு படை வேண்டும். நாங்கள் ஐந்து பங்கு வெர்மிகுலைட்டுக்கு ஒரு பங்கு சீமெந்து கலந்து நான்கு அங்குலம் போட்டோம். வெர்மிகுலைட் கிடைக்காத இடத்தில் களிமண்ணோடு உமியை நிறையக் குழைத்துப் போடலாம். உமி எரிந்து போக, அது இருந்த இடமெல்லாம் சிறு சிறு காற்றறைகளாக நிற்கும். காற்றைச் சிறைப்படுத்தி வைத்தால் சூடு தாண்டாது, அவ்வளவுதான் இதன் சூட்சுமம். குவிகூரைக்கு மேலேயும் இப்படியே ஒரு போர்வை வேண்டும். வேலை முடிந்த பிறகு இந்தப் படை ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. படம் எடுத்து அனுப்பவும் முடியாது. மருமகனுக்கு அதில் கொஞ்சம் மனக்குறை. "இவ்வளவு காசும் மண்ணுக்குள்ள போகுதே மாமா" என்றான்.

மண்ணுக்குள் போகட்டும். சூட்டை உண்டாக்குவது ஒரு வேலை, காப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்குச் செலவழிக்க மனம் வராதவர்கள் முதலாவதற்கு வாழ்நாள் முழுவதும் விறகு வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். என்னோடு வேலை பார்த்தவர்களில் என்னைவிடக் கெட்டிக்காரர் பலர் இருந்தார்கள். அவர்களில் சிலர் உடம்பைப் பார்க்கவில்லை, சிலர் நாக்கை அடக்கவில்லை, சிலர் வீட்டாரோடு இருந்து பேச ஒரு பொழுதை ஒதுக்கவில்லை. உத்தியோகம் இருந்தவரை பளிச்சென்று எரிந்தார்கள். அது முடிந்த வருடமே ஆறிப்போனார்கள். அவர்களை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது. தூக்கம், நடை, நாலு நண்பர், கோபத்தை விழுங்கத் தெரிந்த ஒரு தொண்டை. வெளியே தெரியாத இந்தப் படைகளை நாற்பது வயதிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் என்று இளையவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

குவிகூரை எழுப்பும் வேலை பார்க்கப் பார்க்கச் சலிக்காது. தளத்தின் நடுவில் ஓர் ஆணி, அதில் சுழலும் ஒரு கோல். கோலின் நுனி எங்கே தொடுகிறதோ அங்கே கல்லின் முகம் நிற்க வேண்டும். அரைக்கல்லாக வெட்டி வரிசை வரிசையாக வைக்க, ஒவ்வொரு வரிசையும் உள்நோக்கி இன்னும் கொஞ்சம் சாயும். மேல் வரிசைகளில் கல் நிற்காமல் வழுக்கும். ஈரமணலைக் குவித்து அதைத் தாங்கலாக வைத்துக் கட்டினோம். கடைசிக் கல்லை உச்சியில் இறுக்கிவிட்டால், எந்தக் கல்லும் விழ வழியில்லை. ஒன்று விழப் பார்த்தால் பக்கத்துக் கல் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருந்த மணலை வாயால் வாரி எடுத்தபோது, மேசன் தன் தலையை உள்ளே விட்டு நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வெற்றிலை போடப் போனார். அவருக்குத் திருப்தி என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

வாயின் உயரம்தான் எல்லாவற்றிலும் நுட்பமானது. இந்த வகைப் போறணைக்கு உள்ளே புகைபோக்கி கிடையாது. ஒரே வாயின் கீழ்ப்பாதியால் குளிர்ந்த காற்று உள்ளே போகும், மேற்பாதியால் புகை வெளியே வரும். புகைபோக்கி வைப்பதானால் வாய்க்கு வெளியே, முன்பக்கம்தான் வைக்க வேண்டும். வாய் உயரமாக இருந்தால் சூடு ஓடிவிடும். தாழ்வாக இருந்தால் தீ மூச்சுத்திணறி அணையும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பழைய களிமண் போறணைகளை ஆராய்ந்து லீஸ் புவாலி, பிளான்செற் என்ற இருவர் 1970களில் ஒரு நூல் எழுதினார்கள். வாயின் உயரம் கூரையின் உட்புற உயரத்தில் 63 சதவீதம் அளவில் இருந்தால் போறணை நன்றாக மூச்சுவிடும் என்ற கணக்கு அதிலிருந்து உலகமெங்கும் பரவியது. எங்கள் கூரை 18 அங்குலம். வாய் 11¼ அங்குலம். தன் ஊருக்கு அடுத்த மாகாணத்துக் கணக்கு சுன்னாகத்தில் பலிக்கிறது என்பதில் மருமகனுக்குப் பெரிய சந்தோசம். கணக்கு எழுதுவதற்கு எவ்வளவோ முன்பே கை அதைக் கண்டுபிடித்துவிட்டது என்பதுதான் எனக்குச் சந்தோசம். கி.பி. 79 இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரத்தின் போறணைகளும் இதே மாதிரிக் குவிகூரைதான். அங்கே ஒரு போறணைக்குள் 81 பாண் கரிந்த நிலையில் அப்படியே இருந்ததை 1862 இல் தோண்டி எடுத்தார்கள்.

சாந்து விஷயத்தில் எங்கள் தலைமுறைக்கு ஒரு தனிப் படிப்பு உண்டு. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையும் அந்த வருடத்தோடு நின்றது. சீமெந்து, மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றறி எல்லாம் தடைப்பட்ட பொருட்களாயின. மின்சாரத்தில் ஓடியதெல்லாம் முடங்க, விறகுப் போறணைகள் மட்டும் மா கிடைத்த நாட்களில் புகைந்துகொண்டிருந்தன. அவற்றில் கல் கழன்றால் ஒட்டுவதற்குச் சீமெந்து ஏது? செம்மண்ணையும் புற்றுமண்ணையும் சலித்து, மணலும் சுண்ணாம்பும் சேர்த்துக் குழைத்து ஒட்டினார்கள். வேறு வழியில்லாமல் செய்த அந்த ஒட்டு, முன்பு சீமெந்தில் ஒட்டியதைவிட நீண்ட காலம் நின்றது. அதற்கு விஞ்ஞானம் உண்டு. சீமெந்து இறுகும்போது அதற்குள் உண்டாகும் சுண்ணாம்புப் பொருள் 400, 500 பாகையில் தன் நீரை இழக்கும். ஆறிய பிறகு காற்றிலுள்ள ஈரத்தை மறுபடி குடித்து வீங்கும். சூடும் ஆறலும் மாறி மாறி வர, சாந்து பொடியாக உதிரும். களிமண்ணோ சூட்டில் இன்னும் இறுகும். ஆகவே நாங்கள் மூன்று பங்கு மணலுக்குத் தீக்களிமண், சுண்ணாம்பு, சீமெந்து ஒவ்வொரு பங்கு சேர்த்தோம். சீமெந்து தொடக்கத்தில் கல்லைப் பிடித்துக்கொள்ளும். அது தளர்கிற காலத்தில் மற்ற இரண்டும் வேலையைப் பொறுப்பெடுக்கும். தட்டுப்பாட்டுக் காலத்தை ஒருவரும் விரும்பமாட்டார்கள், நானும் விரும்பவில்லை. ஆனால் அந்த வருடங்களில் எங்கள் கைகள் கற்றுக்கொண்டதை வெறும் கஷ்டக்கதையாக மட்டும் சொல்லிச் சொல்லி வீணாக்கக்கூடாது.

கட்டி முடிந்த அன்று பின்னேரமே மருமகன் விறகோடு வந்து நின்றான். விமானம் ஏறும் நாள் அவனுக்குக் கிட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, சும்மா ஒருக்கா மூட்டிப் பாப்பமே?"

"பொறும் தம்பி. உது இன்னும் பச்சை."

அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் நான் மூட்ட விடவில்லை. சாந்திலும் கல்லிலும் வெர்மிகுலைட்டிலும் வாளி வாளியாகத் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு பருக்கும். வெளியேற வழி கிடைக்கும் முன்பே பருத்தால், அது கல்லைப் பிளந்து வழி உண்டாக்கும். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் முதல் நாளே பெருந்தீ போட்டு, உள்முகம் பட்டுப் பட்டென்று வெடித்து உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பெயரளவுக்கு விரிசல் எல்லாப் போறணையிலும் விழும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. இது வேறு.

முதலில் ஒரு கிழமைக்கு மேல் நிழலில் காயவிட்டோம். பிறகு சிரட்டையும் ஊமலும் போட்டு ஒரு சிறு தீ. கையை உள்ளே வைத்தால் இதமாக இருக்கும் அளவுக்கு மட்டும். அடுத்த நாள் அதைவிடக் கொஞ்சம் கூட. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அந்த நாட்களில் போறணையின் முதுகைத் தொட்டுப் பார்ப்பதே என் வேலை. முதல் இரண்டு தீக்கும் வெளிப்பூச்சில் வியர்வை மாதிரி நீர்த்துளி அரும்பியது. மூன்றாவது தீயில் வாயின் வளைவிலிருந்து மெல்லிய வெள்ளை ஆவி, புகையிலிருந்து வேறாகத் தெரிந்தது. ஈரமண் வாசனை அடித்தது. ஆவி அடங்கி, பூச்சின் நிறம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெளிறிக்கொண்டு வந்தது. மருமகனும் பக்கத்தில் ஒரு பலகைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் வேலை, பிள்ளைகளின் படிப்பு, குளிர்காலத்தில் தனக்கு வரும் மனச்சோர்வு, தகப்பன் இறந்தபோது வரமுடியாமல் போன துயரம் எல்லாவற்றையும் அந்தச் சிறு தீக்கு முன்னால் இருந்துதான் சொன்னான். வீட்டுக்குள் கதிரையில் நேருக்கு நேர் இருந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டான். அன்றே பெருந்தீ போட்டுப் பீட்சா சுட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டான். அவசரமில்லாத தீ ஒன்றுக்கு முன்னால் ஆணும் ஆணும் பேசிக்கொள்வது எங்கள் சமூகத்தில் அரிதாகிவிட்டது. இளையவர்களுக்குப் புத்தி சொல்ல ஆசைப்படும் பெரியவர்கள், முதலில் அவர்களோடு சேர்ந்து செய்ய ஒரு மெதுவான வேலையைத் தேடிக்கொள்ள வேண்டும்.

பெருந்தீ போட்ட நாள் வந்தது. காய்ந்த வேம்பும் பூவரசும் அடுக்கி, பனை மட்டையால் மூட்டினோம். தீ பின்சுவரில் ஏறி, கூரையில் உருண்டு வாயை நோக்கி வந்தது. உள்முகம் முதலில் கரி பிடித்து அட்டக்கரியாகும். பார்ப்பவர்களுக்கு என்னவோ கெட்டுப்போனது போல் இருக்கும். ஒன்றரை மணி நேரம் போக, உச்சியில் ஓர் இடத்தில் அந்தக் கரி தானாகவே எரிந்து மறையத் தொடங்கும். வெளிறிய வட்டம் பெருகிக் கீழே இறங்கி, கூரை முழுவதும் கல்லின் சொந்த நிறத்துக்கு வரும். கல்லின் முகம் 350 பாகை தாண்டிவிட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி. வேறு கருவி தேவையில்லை. தணலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, மருமகன் தன் பீட்சாவைப் போட்டான். இரண்டு நிமிடத்தில் வெந்துவிட்டது. இத்தாலியில் நாப்போலி நகரத்தார் 430 பாகைக்கு மேல் வைத்து ஒன்றரை நிமிடத்தில் எடுப்பார்கள். அந்தக் கைத்திறனை யுனெஸ்கோ 2017 இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். எல்லாரும் படம் எடுத்தார்கள். அரை மணியில் கொண்டாட்டம் முடிந்து, கை கழுவிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

நானும் அக்காவும் வெளியே இருந்தோம். எங்களுக்கு அப்போதுதான் வேலை தொடங்கியது.

எங்கள் பக்கத்து வெதுப்பகத்துப் போறணைக்காரர் செய்ததை நினைவில் வைத்து அப்படியே செய்தேன். தணலை வாரினோம், கூட்டினோம், ஈரச்சாக்கால் துடைத்தோம். வாயை அடைத்துக் கொஞ்ச நேரம் விட்டோம். கல்லின் முகத்தில் உள்ள மூர்க்கச் சூடு உள்ளே பரவிச் சமப்படுவதற்கு. பிறகு ஒரு பிடி கோதுமை மாவைத் தளத்தில் வீசினேன். உடனே கறுத்தது, இன்னும் பொறுக்க வேண்டும். மறுபடி அடைத்து, மறுபடி வீசினேன். மா மெல்லப் பொன்னிறமாகிப் பிறகுதான் பழுப்பானது. கிட்டத்தட்ட 230 பாகை. பாணுக்கு உரிய சூடு. அச்சுகளை ஒன்றோடொன்று நெருக்கி வைத்து, நனைத்த பலகையால் வாயை அடைத்தோம். மாவிலிருந்து வரும் ஆவி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். பாணின் மேற்தோல் அதனால்தான் பளபளக்கும். பலகையை எடுத்தபோது வந்த வாசனைக்கு, வீட்டுக்குள் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள்.

பாண் எடுத்த பிறகு சூடு 180 பாகைக்கு இறங்கியிருக்கும். அது கேக்கின் சூடு. எனக்கு இந்தச் சூட்டைப் பற்றி நினைத்தாலே நத்தார்க் காலம் ஞாபகம் வரும். ஊரில் ஒருவர் வீட்டிலும் அவண் இல்லாத காலம். நத்தாருக்கு முந்திய கிழமை, விடியற்காலைப் பாண் எல்லாம் சைக்கிளில் ஏறிப் போன பிறகு, வீடுகளிலிருந்து கேக் தட்டங்கள் வெதுப்பகத்துக்கு வரத் தொடங்கும். கலியாண வீட்டுத் தட்டமும் வரும். சைவம், வேதம் என்ற பேதம் போறணை வாசலில் இல்லை. பெயர் எழுதி ஒட்டினால் எரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு வீட்டுத் தட்டத்தின் விளிம்பிலும் ஆணியால் கீறிய அடையாளம் இருக்கும். எங்கள் வீட்டுத் தட்டத்தில் இரண்டு கோடு. போறணைக்காரர் முழங்கை வரை கையை உள்ளே நீட்டி, மனதுக்குள் எண்ணுவார். எந்த எண்ணிக்கையில் கை பொறுக்காமல் வெளியே வருகிறதோ அதை வைத்து, பட்டர் கேக்கை உள்ளே தள்ளுவதா, இன்னும் ஆறவிட்டு ரிச் கேக்கை வைப்பதா என்று தீர்மானிப்பார். பாணுக்கு அவர் முதலாளியிடம் கூலி வாங்கினார். கேக்குக்கு எங்கள் அம்மாமார் கொடுத்த சில்லறையை விட, "அண்ணை, உங்கட கையில விட்டிட்டுப் போறன்" என்று சொன்ன சொல்லைத்தான் அவர் பெரிதாக மதித்திருப்பார் என்று நினைக்கிறேன். ஊர் முழுவதற்கும் பாண் போட்ட தீ, பின்னேரத்தில் வீடு வீடாகக் கேக்கும் போட்டது. அதற்கு ஒரு விறகுகூட மேலதிகமாக எரியவில்லை.

150 பாகையில் பிஸ்கற் மொறுகும். 100 பாகைக்குக் கிட்ட இறைச்சிச் சட்டியை மூடி வைத்தால் இரவோடு இரவாக எலும்பிலிருந்து கழன்றுவரும். அடுத்த நாள் காலையிலும் உள்ளே 60 பாகை இருக்கும். மழைக்காலத்தில் ஈரம் பிடித்துப்போகும் மோர்மிளகாயையும் வேப்பம்பூ வடகத்தையும் அக்கா அப்போது சுளகோடு உள்ளே வைக்கிறா. அவற்றை 400 பாகையில் வைத்தால் என்ன ஆகும்? ஒரு நொடியில் கரி. பீட்சாவைச் சுட்ட சூடு வடகத்துக்கு உதவாது; வடகம் அந்தச் சூடு போகும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

என் வயதுக்காரருக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான். உத்தியோகத்தில் இருந்து இறங்கியவனை அணைந்த அடுப்பாகப் பார்க்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் இருக்கிறது. பிள்ளைகள் அப்படிப் பார்த்தால் தாங்கிக்கொள்ளலாம். நாமே நம்மை அப்படிப் பார்க்கத் தொடங்குவதுதான் கொடுமை. நான் ஓய்வு பெற்ற காலத்தில் வீதிகளை அகலிக்கும் வேலை குடாநாடு முழுவதும் நடந்தது. இடப்பெயர்வுகளில் பழைய வரைபடங்கள் பல தொலைந்துபோயிருந்தன. எந்த வீதிக்குக் கீழே பழைய மதகு புதைந்து கிடக்கிறது, மாரி வெள்ளம் எந்த வளவால் கடலுக்குப் போனது என்று கேட்டு இளம் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். கையொப்பமிடும் அதிகாரம் என்னிடம் இருந்தபோது இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல எனக்கு நேரமும் இருக்கவில்லை, நிதானமும் இருக்கவில்லை. ஆறியிருந்தபடியால்தான் முடிந்தது. பேரப்பிள்ளைக்கு எழுத்துக் காட்டிக்கொடுப்பது, படுக்கையில் கிடக்கும் நண்பருக்குப் பத்திரிகை வாசிப்பது, இரண்டு வீட்டுக்கு இடையே வேலிச்சண்டை வந்தால் நடுவில் போய் இருப்பது, இவையெல்லாம் நடுவயதின் கொதிப்பில் செய்ய வராது. அந்த வயதில் செய்யப் போனால் கரித்துவிடுவோம்.

2022 இல் காஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றபோது, விறகடுப்பு மூட்டத் தெரிந்த கிழவிகளைத் தேடி இளம் பெண்கள் வந்தார்கள். அதை அவமானமாக நினைத்தவர்களும் உண்டு. என் அக்கா அப்படி நினைக்கவில்லை. ஈரவிறகை எப்படி அடுக்கிக் காயவைப்பது, எந்த விறகு கண்ணை எரிக்கும், எது தணல் தரும் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தா. அந்த மாதங்களில் அவ பத்து வயது குறைந்தவ மாதிரி நடமாடியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

மருமகன் ரொறன்ரோவுக்குத் திரும்பிவிட்டான். போகும்போது அவனுக்கு இருந்த கவலை, போறணை சும்மா கிடந்து பாழாகுமோ என்பதுதான். கவலை நியாயமானது. மூட்டாமல் விட்ட போறணை ஈரம் குடிக்கும். நெடுநாள் கழித்து ஒருவர் வந்து பெருந்தீ போட்டால் புதுப் போறணை மாதிரியே வெடிக்கும். எத்தனை வருடம் பழையதானாலும் சும்மா கிடந்த பிறகு சிறு தீயிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதனால் சனிக்கிழமைகளில் மூட்டுவது என்று அக்காவும் நானும் ஏற்பாடு செய்திருக்கிறோம். காலை ஆறு மணிக்குத் தீ. பாண் பத்து மணிக்குப் போகும். புயலில் சாய்ந்த வேம்பு ஒன்றைப் பக்கத்து வளவுக்காரர் தறித்துத் தந்திருக்கிறார். இந்த மாரிக்கு விறகு போதும். சுன்னாகப் பக்கம் இருப்பவர்கள் கேக் தட்டம் கொண்டுவருவதானால் பன்னிரண்டு மணிக்குப் பிறகு வரலாம். தட்டத்தில் ஓர் அடையாளம் கீறிக்கொண்டு வாருங்கள், படலை திறந்திருக்கும்.